வாசனை இழந்த செல்மர் ஹாகன்

டாமராக் ஊர்க்காரர்கள் மான் வேட்டைக்குக் கிளம்பிய அந்த நவம்பர் சனிக்கிழமையன்று, செல்மர் ஹாகனின் உடம்பில் வாசனை என்று ஒன்றுமே மிச்சமில்லை. மாட்டுத் தொழுவத்திலேயே பாதி ஆயுளைக் கழித்த மனிதருக்கு இது லேசில் நடக்கிற காரியமல்ல. ஆனால் அதே வாரம் பாலாடைக்கட்டி விலை இறங்கியிருந்தது, ஏரி ஓரமாகப் பனிக்கட்டியும் பிடித்திருந்தது. ஊர் அந்த இரண்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது.

இதற்கெல்லாம் காரணம் சட்டை. மானைப் பார்த்துச் சுட்டுக் குறி தவறியவனின் சட்டையைப் பின்பக்கம் கத்தரித்து, பெயரெழுதி, வேட்டைக் குடிசைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவது அமெரிக்காவின் விஸ்கான்சின் வடக்கில் வழக்கம். அந்தக் குடிசையின் மேற்குச் சுவர் முழுக்கச் செல்மரின் சட்டைகள்தான். “மச்சான், இந்த வருஷம் நீயே சட்டை எடுத்துட்டு வர்றியா, இல்ல சுவத்துக்கு நாங்களே எடுத்துரட்டுமா?” என்று மனைவியின் தம்பி ஹில்பர்ட் சர்ச் வாசலில் வைத்தே கேட்டான். செல்மருக்கு ரோஷம் வந்துவிட்டது. வெள்ளைவால் மான் மூக்கால் வாழ்கிற பிராணி. வேட்டைக்காரன் மேலே போட்ட பளிச்சென்ற ஆரஞ்சு அங்கியைக் கண்டுகொள்ளாது, ஆனால் காலையில் குடித்த காப்பியை மூன்று வயலுக்கு அப்பாலிருந்தே கண்டுபிடித்துவிடும். புஸ்ஸென்று சீறி, வாலைத் தூக்கிக் காட்டி, ஓடியே போய்விடும். தான் இத்தனை வருடமாகச் சுட்டுக்கொண்டிருந்தது அந்த வாலைத்தான் என்று செல்மர் கண்டுகொண்டார். காப்பி, வெங்காயம், பன்றிக்கறி, பிராந்தி எல்லாவற்றையும் நிறுத்தினார். மணமில்லாத சோப்பால் குளித்தார். உடுப்புகளைப் பெட்டியில் மண்ணும் ஊசியிலையும் போட்டு மூடி வைத்தார். இதை ஊரில் எல்லா வேட்டைக்காரர்களும் செய்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். செல்மர் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். மூன்று மாதம் தேய்த்துத் தேய்த்துக் கடைசியில் தன்னையே கழுவி ஊற்றிவிட்டார்.

முதலில் நாய் அவர் மேல் ஏறி நடந்துபோனது. பிறகு மாடுகள் அவர் நிற்கும் இடத்திலேயே வந்து நின்றன. கடைசியாக மனைவி வெர்னா. கல்யாணமான நாளிலிருந்து வைக்கோலும் டீசலும் வதக்கிய வெங்காயமும் கலந்த ஒரு வாசனையைத்தான் அவள் புருஷன் என்று அறிந்திருந்தாள். அது போனதும் அவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனாள். அவர் பேசினால் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள். ஒருநாள் தம்பிக்குப் போன் போட்டு, “டேய், இந்த வீட்ல என்கூட யாரோ இருந்தாங்களேடா, யாரது?” என்று கேட்டாள். “உன் புருஷனா இருக்கும்க்கா” என்றான் ஹில்பர்ட். “இருக்கும் இருக்கும்” என்று சொல்லி வைத்துவிட்டாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செல்மர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெர்னா தன்னை அடியோடு மறந்துவிட்டால் பிறகு தான் எங்கே போவது என்று அவர் நிஜமாகவே பயந்தார். ஊரிலேயே பெரிய கொம்பன் மானைச் சுட்டு வாசலில் கொண்டுவந்து போட்டால் அவள் தன்னைப் பார்த்துத்தானே ஆக வேண்டும் என்று நினைத்தார்.

வேட்டைக் குடிசையில் சீட்டாடியவர்கள் அவருக்குச் சீட்டுப் போடவில்லை. ஹில்பர்ட் தன் ஈரக்கோட்டை அவர் தோளில் மாட்டிவிட்டுப் போனான். செல்மர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய், பரணில் ஏறாமல், காற்று எந்தப் பக்கம் என்றும் பார்க்காமல், தேவதாருக்களுக்கு நடுவே தரையில் நின்றார். பெண்மான்கள் அவரை உரசிக்கொண்டு மேய்ந்தன. பத்து மணிவாக்கில் ஊரே தேடிக்கொண்டிருந்த அந்தக் கொம்பன் வந்தது. அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தலையைத் தாழ்த்தி, நெற்றியையும் கொம்பையும் அவர் தொடையில் வைத்துத் தேய்க்கத் தொடங்கியது. இணைசேரும் பருவத்தில் அவை இளமரங்களில் அப்படித்தான் தங்கள் வாசனையைத் தேய்த்து அடையாளம் வைக்கும். துப்பாக்கி முனை அதன் கழுத்தில் இடித்துக்கொண்டிருந்தது. குருடன்கூடச் சுட்டுவிடலாம். செல்மர் விசையில் விரலை வைத்தார். சுட்டு இழுத்துப்போனால், இதைச் சுட்டது யார் என்று கேட்பார்கள், ஹில்பர்ட் நான்தான் போலிருக்கு என்பான், தன்னை யாரும் கவனிக்காதபோது அவன் அதை நம்பியே சொல்வான். தவிர, இத்தனை நாளில் தன் மேல் தலை சாய்த்த ஜீவன் இது ஒன்றுதான் என்பதும் நினைவுக்கு வந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. விரலை எடுத்துக்கொண்டார். கொம்பன் தொடையை முடித்துவிட்டு அவர் தொப்பியின் காதுமடலை நக்கியது, காலடி மண்ணைக் குளம்பால் பறித்தது, அதன் மேலும் அவர் பூட்ஸ் மேலும் தாராளமாக மூத்திரம் பெய்தது. ஞானஸ்நானம் வாங்கும் பிள்ளை மாதிரி அவர் அசையாமல் நின்றார்.

குடிசைக் கதவைத் திறந்ததும் சீட்டுகள் கீழே விழுந்தன. “அடச்சீ! செல்மர் மச்சான்! இவ்வளவு நாளா எங்கய்யா போய்த் தொலைஞ்ச?” என்று கத்தினான் ஹில்பர்ட். செல்மர் நடந்ததைச் சொன்னார். மேலே வந்து சாய்ந்த மானைச் சுடாமல் விடுவது குறி தவறியதில் சேருமா என்று சபை கூடிப் பேசி, அதைவிடக் கேவலம் என்று முடிவு செய்து, சட்டையைக் காலர் வரைக்கும் கத்தரித்தார்கள். வெற்று முதுகோடு நின்று அவரும் சேர்ந்து சிரித்தார்.

வீட்டுக் கதவைத் திறந்த வெர்னா சமையல் ஏப்ரனால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள். “யோவ், என்னய்யா இது நாத்தம்! குளிக்காம உள்ள கால் வைக்காத.”

உள்ளே வராதே என்று அவரிடம் ஒருத்தி சொல்லி எத்தனை நாளாகிவிட்டது. செல்மர் தலையை ஆட்டிவிட்டுப் பின்பக்கம் சோப்பைத் தேடித் திரும்பினார். வெர்னா எட்டி அவர் கையைப் பிடித்தாள். முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“வேணாம்யா. குளிக்காத. மறுபடி எங்கயாவது போயிருவ.”

அந்த வாசனை ஒரு வருடம் தாங்குகிறது. ஒவ்வொரு அக்டோபர் கடைசியிலும் அது தேயும். செல்மரின் பெயரைச் சொல்லும்போது வெர்னா கொஞ்சம் தடுமாறுவாள். உடனே அவரைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், ரொட்டியும் ஒரு ஃபிளாஸ்க் காப்பியும் கொடுத்து, தேவதாருக்களுக்கு நடுவே நிறுத்திவிட்டு வருகிறாள். அந்தப் பக்கம் யாரும் சுடுவதில்லை. கொம்பன் போய் இப்போது அதன் மகன் வருகிறதாம். சாயங்காலம் அவள் போய் அவரை அழைத்து வருவாள். குளிரானாலும் வண்டியின் ஜன்னல்கள் இரண்டும் திறந்தே இருக்கும்.