தொட்டியைக் கெடுத்தவள்

"உன் மருமக நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்னு கங்காணி சொல்லிட்டாரு. நாளைக்கு மட்டும் இல்ல, இனிமே எப்பவுமே," என்று சொல்லிவிட்டு அமாந்தியு சோளரொட்டியைப் பிய்த்து சூப்பில் போட்டான்.

அவனுக்கும் அவள் மருமகள்தான். ஆனால் ஏதாவது வில்லங்கம் என்று வந்துவிட்டால் அவள் அவன் மனைவி பெலிஸ்மினாவுக்கு மட்டும் மருமகளாகிவிடுவாள். அடுப்பின் முன்னால் நின்ற மருமகள் இடலினாவுக்குக் கையில் கரண்டி இருப்பதே மறந்துபோயிற்று.

"அவ என்ன பண்ணினா?" என்றாள் பெலிஸ்மினா.

"போன வாரம் மிதிச்ச பெரிய தொட்டி ஒயின் மொத்தமும் திரிஞ்சு போச்சு. பீப்பாயைத் திறந்தா காடி வாசம் குப்புனு மூஞ்சியில அடிக்குது. அன்னிக்கு இவ உள்ள வந்தத நாலு பேரு பாத்திருக்காங்க. பொம்பள கால் பட்டா ஒயின் கெடும்னு தெரியாதா?"

"உங்களுக்குச் சாப்பாடு கொண்டுதான் மாமா வந்தேன்," என்றாள் இடலினா. "வாசல்ல நின்னு கூப்பிட்டேன். பதிலே இல்ல. ரெண்டு அடி வச்சு பாத்திரத்த வச்சுட்டுத் திரும்பிட்டேன்."

"ரெண்டு அடி போதாதா?" என்றான் மாமனார், வாய் நிறைய ரொட்டியோடு.

டோரு ஆற்றங்கரை மலைச் சரிவில், படிப்படியாக வெட்டிய தோட்டங்களில் ரிபால்டா தோட்டம் பெரியது. அங்கே கொடியிலிருந்து திராட்சையை அறுப்பது பெண்கள். அழுகலைக் கிள்ளி எறிந்து கூடையில் அடுக்குவதும் பெண்கள். ஆண்கள் கூடையைத் தோளில் சுமந்துபோய் மிதிகூடத்துக் கல்தொட்டியில் கொட்டுவார்கள்; சாயங்காலமானால் தொடை தெரியக் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கி மிதிப்பார்கள். ஒவ்வொரு கொத்தும் ஒரு பெண்ணின் கைபட்டுத்தான் தொட்டிக்குப் போகிறது. ஆனால் அவள் கால் மட்டும் மிதிகூடத்து வாசலைத் தாண்டக் கூடாது. கைக்கும் காலுக்கும் அப்படி என்ன பகை என்று ஆண்டவரைத்தான் கேட்க வேண்டும்.

அது போதாதென்று ஒரு கேள்வி வேறு உண்டு. அறுவடைக் காலத்தில் காலையில் பெண்கள் கதவருகே வரிசையாக நிற்பார்கள். கங்காணி குஸ்தோதியு தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, எதிர்க்கரை மலையைப் பார்த்தபடி, "யாருக்காவது இன்னிக்கு..." என்று இழுப்பார். மாதவிலக்கு என்ற சொல்லைச் சொல்ல அவருக்கு வெட்கம். கேட்க மட்டும் வெட்கமில்லை. ஆமென்று சொல்பவள் கூலியில்லாமல் வீட்டுக்குப் போக வேண்டும். ஆகவே பெண்கள் எல்லாரும் கோயிலில் மறுமொழி சொல்வதுபோல ஒரே குரலில் "இல்ல" என்பார்கள். பெலிஸ்மினாவின் அம்மா காலத்திலிருந்து இப்படித்தான். அந்தப் பொய்யில் விளைந்த ஒயினைத்தான் முதலாளிமார் லண்டன் வரைக்கும் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

பெலிஸ்மினா இன்னொரு துண்டு ரொட்டி வைக்கக் குனிந்தாள். புருஷன் மூச்சு முகத்தில் பட்டது. அது சூப்பின் வாசனை இல்லை, பிராந்தி வாசனை.

மிதித்த சாறு பொங்கிப் பாதி இனிப்பாக இருக்கும்போதே அதில் பிராந்தி ஊற்றிப் பொங்குவதை அடக்க வேண்டும். அதற்கான பீப்பாய் மிதிகூடத்தின் மூலையில் இருக்கும். மிதித்து முடித்த ஆண்களுக்கு ஆளுக்கொரு கோப்பை கொடுப்பது வழக்கம். ஆனால் அமாந்தியு இன்றைக்கு இன்னும் மிதிக்கவே போகவில்லையே?

அவன் கிளம்பிப் போனதும் கதவைச் சாத்திவிட்டு மருமகளிடம் வந்தாள்.

"நீ வாசல்ல நின்னு கூப்பிட்டப்போ உன் மாமா எங்கடி இருந்தாரு?"

இடலினா தரையைப் பார்த்தாள். "பீப்பாய்க்குப் பின்னால."

"அங்க என்ன பண்ணினாரு?"

"வாயில நாணல் குழாய் வச்சிருந்தாரு, அத்தை. மத்தவங்க தங்க முறைக்குக் காத்துட்டு நின்னாங்க. பக்கத்துல தண்ணிக் குடம் இருந்துச்சு."

குடித்த அளவுக்குத் தண்ணீரை ஊற்றிச் சரிக்கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் கலந்த பிராந்திக்கு அடங்காமல் சாறு பொங்கிக்கொண்டே போய்க் காடியாகிவிட்டது. பெலிஸ்மினாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"இத அப்பவே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"மாமா ஆச்சே. வெளிய தெரிஞ்சா நம்ம வீட்டுக்குத்தானே அசிங்கம்."

அந்தப் பெண் மாமனார் மானத்தைக் காப்பாற்ற வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். இவனோ அவள் தலையில் பழியைப் போட்டுவிட்டு ரொட்டி தின்கிறான். மகன் அபிலியு திருட்டுத்தனமாக எல்லை தாண்டி பிரான்சில் செங்கல் சுமக்கிறான். அவன் கூப்பிட்டுக்கொள்ளும் வரை இவளுக்கு இந்தத் தோட்டமும் இந்த வீடும்தான். தொட்டியைக் கெடுத்தவள் என்று பெயர் வந்துவிட்டால் ஆற்றின் இரண்டு கரையிலும் ஒருவரும் வேலை தர மாட்டார்கள். வீட்டில் ஒரு சின்னப் பீப்பாய் வைத்திருப்பவன்கூட அவளைக் கண்டால் கதவைச் சாத்துவான்.

உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் புருஷன் வேலை போகும், பாதி ஊர் ஆண்களின் வேலையும் சேர்ந்து போகும். அதுவும் நம்பினால்தானே? நாணல் குழாய்க்கும் பெண் வாய்க்கும் வழக்கு வந்தால் கங்காணி குழாய் பக்கம்தான் நிற்பார். பெலிஸ்மினா அழுக்குத் துணியை வாரி எடுத்துக்கொண்டு ஊர்ப் பொதுத் துவைப்புத் தொட்டிக்குப் போனாள். அங்கே எப்போதும் நாலு பெண்கள் இருப்பார்கள். அந்த நாலு பேரிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

மறுநாள் காலை பெண்கள் வழக்கம்போல வரிசையாக நின்றார்கள். வரிசையின் கடைசியில் இடலினாவும் நின்றாள். கங்காணி அவளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். இவளை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று தொப்பியைக் கழற்றி எதிர்க்கரையைப் பார்த்தார்.

"யாருக்காவது இன்னிக்கு..."

"எனக்கு, கங்காணியாரே," என்றாள் பெலிஸ்மினா.

அவர் கங்காணியான நாளாக இந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதில் வந்ததில்லை. "சரி... வீட்டுக்குப் போ."

"எனக்கும்," என்றாள் பக்கத்தில் நின்றவள். "எனக்கும்தான்," என்றாள் அதற்கடுத்தவள். வரிசை நெடுகப் பதில் வந்துகொண்டே இருந்தது. இடலினா மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு முன்னால் கிழவி சுல்மிரா கம்பை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"எனக்கும்."

"சுல்மிரா, உனக்கு எழுபது தாண்டிடுச்சு."

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு. எல்லாம் மாதா கிருபை."

கங்காணியின் கழுத்து சிவந்தது. "என்னடி நடக்குது இங்க? வேலைநிறுத்தமா? போலீசக் கூப்பிடட்டுமா?"

அந்தச் சொல் லேசானதல்ல. அப்போதிருந்த அரசாங்கத்தில் வேலைநிறுத்தம் என்று காதில் விழுந்தாலே ஜீப் வந்து நிற்கும். பெலிஸ்மினா மிகவும் பணிவாகச் சொன்னாள்:

"ஐயையோ, வேலைக்குத்தானே வந்து நிக்கிறோம்? நீங்க கேட்டீங்க, நாங்க உண்மையச் சொன்னோம். ஒருத்தி ரெண்டு அடி வச்சதுக்கே ஒரு தொட்டி போச்சாம். இத்தனை பேரு கொத்துக்கொத்தா கையால தொட்டா தோட்டமே போயிடும். முதலாளி உப்பத் தின்னுட்டு அந்தப் பாவத்த நாங்க பண்ணலாமா?"

"போலீசு வரட்டுமே," என்றாள் சுல்மிரா. "வந்து எங்கள ஒவ்வொருத்தரா விசாரிச்சு எழுதிக்கிட்டுப் போகட்டும்."

பெண்கள் ஒலிவ மரத்தடியில் உட்கார்ந்து பின்னல் ஊசிகளை எடுத்துக்கொண்டார்கள். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பழுத்த திராட்சையில் மழை விழுந்தால் கொடியிலேயே வெடித்து அழுகிவிடும். கங்காணி வேறு வழியில்லாமல் ஆண்களை அறுக்க அனுப்பினார். ஆண்களுக்கு முதுகு வளையவில்லை. கொத்தைவிட இலையைத்தான் அதிகம் வெட்டினார்கள். ஒருவன் தன் விரலையே வெட்டிக்கொண்டு, அதைச் சாக்காக வைத்து நிழலில் படுத்துவிட்டான். நடுவில் இடுப்பு வலிக்கு மருந்தென்று ஒரு பிராந்திக் குப்பி வரப்பு வரப்பாகக் கை மாறியது.

மத்தியானத்துக்கு முன்பே முதலாளியின் கார் வந்தது. சட்டம் படித்தவர் என்பதால் ஊரில் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கங்காணி அவர் காதோடு விஷயத்தைச் சொன்னார்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"ஒரே நாள்லயா?"

"ஒரே நாள்லதான். சுல்மிராவுக்குக்கூட."

டாக்டர் படித்த சட்டத்தில் இதற்கு ஒரு வழியும் இல்லை. அவர் மேகத்தைப் பார்த்தார். பிறகு பெலிஸ்மினாவிடம் வந்தார்.

"என்னம்மா வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணும் வேணாம், டாக்டர். ஒரு சந்தேகம்தான். பொம்பளையால ஒயின் கெடும்னா நாங்க திராட்சையைத் தொடவே கூடாது. கெடாதுன்னா என் மருமக தொட்டியக் கெடுக்கல. ரெண்டுல எதுன்னு கங்காணியார் எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டாருன்னா போதும். அந்தக் கேள்விக்கும் அப்புறம் வேலை இருக்காது."

தூரத்தில் இடி உறுமியது. டாக்டர் கங்காணியைப் பார்த்தார்.

"கெடாது," என்றார் கங்காணி, தொப்பியிடம்.

"எனக்குக் காது மந்தம்," என்றாள் சுல்மிரா.

"பொம்பளையால ஒயின் கெடாது. இடலினா தொட்டியக் கெடுக்கல." இந்தத் தடவை மேல் வரப்பு வரைக்கும் கேட்டது.

"அப்போ எதனால கெட்டுச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

ஆண்கள் திடீரென்று ஒழுங்காகத் திராட்சை அறுக்க ஆரம்பித்தார்கள். அமாந்தியுவின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்தது. பெலிஸ்மினா அவனைப் பார்த்தாள். நேற்று அவன் ரொட்டி தின்ற அழகு நினைவுக்கு வந்தது. கொஞ்ச நேரம் அவன் வேர்க்கட்டும் என்று சும்மா நின்றாள்.

"எனக்கு எப்படித் தெரியும், டாக்டர்? நாங்கதான் உள்ள போனதே இல்லையே. ஆனா ஒண்ணு. இத்தனை வருஷம் எங்கள வரிசையில நிறுத்திக் கேட்டீங்க. இன்னிக்கு மிதிக்கப் போறவங்களையும் அதே மாதிரி நிறுத்துங்க. ஒரு வார்த்தை கேட்க வேணாம். வாயை ஊதச் சொன்னாப் போதும்."

டாக்டர் ஒன்றும் முட்டாள் இல்லை. மிதிகூடத்து மூலையில் இருந்த பிராந்திப் பீப்பாயை நினைத்துக்கொண்டார், தலையை ஆட்டினார்.

பெண்கள் கத்தியை எடுத்துக்கொண்டு கொடிகளுக்குள் இறங்கினார்கள். மழைக்கு முந்திக்கொண்டு அறுத்தார்கள். முதல் துளி விழுந்தபோது கடைசிக் கூடை தொட்டிக்குப் போய்விட்டது.

சாயங்காலம் மிதிகூடத்து வாசலில் நாற்காலி போட்டு டாக்டரே உட்கார்ந்தார். ஆண்கள் வரிசையில் நின்றார்கள். பகலில் வரப்பில் சுற்றிய குப்பி இப்போது வேலையைக் காட்டியது. முதல் ஆள் ஊதியதும் டாக்டர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். அமாந்தியுவின் முறை வந்தது. அவன் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றான்.

"ஊதுய்யா."

"நெஞ்சு அடைக்குது, டாக்டர். மூச்சு வெளிய வர மாட்டேங்குது," என்றான். அந்த ஒரு வாக்கியத்திலேயே எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"இன்னிக்கு நீ வெளிய உக்காரு. பீப்பாய் விஷயத்த நாளைக்கு உங்க எல்லாருகிட்டயும் பேசிக்கறேன்," என்றார் டாக்டர். அமாந்தியு சுவரோரமாகப் போய் உட்கார்ந்தான். அந்த இடத்தில்தான் சாப்பாடு கொண்டுவரும் பெண்கள் உட்கார்ந்து காத்திருப்பது வழக்கம். வரிசை முடிந்தபோது அங்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. தொட்டியில் இறங்கத் தகுந்தவர்கள் என்று மூன்றோ நான்கோ பேர் மிஞ்சினார்கள்.

தொட்டியோ விளிம்பு வரை நிறைந்திருந்தது. புழுக்கத்தில் சாறு அதற்குள்ளேயே முணுமுணுக்கத் தொடங்கியிருந்தது. இன்றைக்கே மிதிக்காவிட்டால் இந்தத் தொட்டியும் போகும். மூன்று பேரை வைத்துக்கொண்டு அதில் ஒரு மூலையைக்கூட மிதிக்க முடியாது. கங்காணி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தன் பூட்சைப் பார்த்தார். கங்காணி தொப்பியைக் கழற்றினார். இந்தத் தடவை எதிர்க்கரையைப் பார்க்காமல் பெலிஸ்மினாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"காலக் கழுவிட்டு வாங்கம்மா."

பெண்கள் பாவாடையைத் தூக்கிச் செருகினார்கள். இடலினா வாசல் கல்லருகே வந்து நின்றுவிட்டாள். பெலிஸ்மினா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். தொட்டிக்குள் சாறு சில்லென்று தொடை வரைக்கும் ஏறியது. ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டு வரிசை கட்டினார்கள். சுல்மிரா முக்காலி போட்டு உட்கார்ந்து கம்பால் தரையைத் தட்டித் தாளம் போட்டாள். கங்காணி இடது, வலது என்று குரல் கொடுக்க, வரிசை மெல்ல நகர்ந்தது. திராட்சைத் தோல் விரல் இடுக்கில் வழுக்கியது. எத்தனையோ வருஷமாகத் தன் கையால் அறுத்த பழம் காலுக்கு எப்படி இருக்கும் என்று பெலிஸ்மினாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளுக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது.

பாதித் தொட்டி தாண்டியிருப்பார்கள். இடலினா அவள் காதருகே குனிந்தாள்.

"அத்தை."

"என்னடி?"

"காலையில எல்லாரும் சொன்னப்போ நான் மட்டும் சொல்லல இல்ல? பயந்துட்டேன். எனக்குத்தான் இன்னிக்கு நிஜமாவே வந்திருக்கு."

பெலிஸ்மினா நிற்கவில்லை. மருமகளின் தோளில் இருந்த கையை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

"அதுக்கென்ன இப்போ? இடது கால எடு. வரிசை நிக்குது பாரு."