நார்மல் ரத்தம்

என் தங்கைக்கு டாக்டர் பட்டம் உண்டு. ஆனால் காய்ச்சல் என்று போய் நின்றால், "மருந்துக் கடையில கேளுங்கண்ணா" என்பாள். அவள் இருப்பது ஆராய்ச்சிக்கூடத்தில். புற்றுநோய் ஏன் வருகிறது என்று உலகம் கேட்கும்போது, இத்தனை கோடிப் பேருக்கு ஏன் வராமல் இருக்கிறது என்று கேட்கிற கூட்டம் அவர்களுடையது. வராமல் தடுக்கிற ஒரு புரதத்தின் பின்னாலேயே அவளுடைய பாதி இளமை போய்விட்டது.

துணிக்கடைக்காரனான எனக்குப் புரியும்படி ஒருமுறை சொன்னாள். உடம்பின் ஒவ்வொரு செல்லும் தறி மாதிரி. தன்னைப் போலவே இன்னொன்றை நெய்துகொண்டே இருக்கும். நூல் அறுந்தால் தறியை நிறுத்த ஓர் ஆள் வேண்டும். ஒட்டவைக்க முடிந்தால் மறுபடி ஓடவிடுவான். முடியாவிட்டால் அந்தத் துண்டையே கொளுத்திவிடுவான். அந்த ஆள்தான் இந்தப் புரதம். அவன் வேலைக்கு வராவிட்டால் பழுதுத் துணி மேலும் மேலும் பெருகும். கட்டி என்பது அதுதான்.

"அப்படி ஒருத்தனை என் கடைக்கு அனுப்பேன்" என்றேன்.

"உங்களுக்குள்ளயே கோடிக்கணக்குல இருக்காங்கண்ணா. சம்பளமே வாங்காம."

"சம்பளம் வாங்காதவனை நம்பக் கூடாது, பாப்பா."

நரை வந்த பிறகும் எனக்கு அவள் பாப்பாதான்.

நோயாளிகளின் ரத்தம் அவளிடம் நிறைய இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ரத்தமும் வேண்டுமாம். கூடத்தில் யார் கைக்கெட்டுகிறார்களோ அவர்களைச் சட்டைக் கையைச் சுருட்டச் சொல்வது அவர்கள் பழக்கம். அந்தச் சமயம் ஒருவருக்கு மஞ்சள் காமாலை, இன்னொருத்தி பிள்ளைத்தாய்ச்சி. என்னிடம் வந்தாள்.

"எனக்கு என்ன தருவ?"

"பிஸ்கட்டும் ஜூஸும்."

"ஜூஸ் ரெண்டு."

பேரம் படிந்தது. குழாயில் என் பெயரை எழுதவில்லை. 'நார்மல்' என்று மட்டும் எழுதினாள். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், நான் நார்மல் என்று அறிவியலே ஒத்துக்கொண்டதைச் சொன்னேன். "ரத்தத்தைத்தானே பார்க்கப் போறாங்க, மண்டையை இல்லையே" என்றாள் என் மனைவி.

அப்புறம் ஒருநாள் தங்கை மறுபடி ஊசியோடு வந்தாள்.

"முன்னாடி எடுத்தது என்னாச்சு?"

"சோதிச்சுப் பார்க்கிற மருந்து சரியில்லண்ணா. கெட்டுப்போச்சு."

சொல்லும்போது தரையைப் பார்த்தாள். சரக்கைக் குறை சொல்லும் வாடிக்கையாளர் சரக்கைப் பார்த்துத்தான் பேசுவார். தரையைப் பார்த்துப் பேசுகிறவரிடம் வேறு ஏதோ இருக்கிறது. கையை மட்டும் நீட்டினேன்.

மூன்றாம் முறை வீட்டுக்கு வந்தாள், வெறுங்கையோடு. மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். மனைவி அடுப்படியில் இருந்தாள்.

"மருந்து கெடலண்ணா" என்றாள் தங்கை. "அந்த ரத்த செல்லுக்குக் கதிர் அடிச்சுக் காயப்படுத்துவோம். நல்ல செல்னா அப்படியே நின்னுடும், இல்லாட்டி செத்துடும். உங்களோடதுல பாதிக்கு மேல ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுச்சு. என் கைதான் தப்புன்னு எல்லா மருந்தையும் கொட்டிட்டுப் புதுசு வாங்கினேன். மறுபடியும் அதே. அதுக்கப்புறம்தான் உங்க ஜீனைப் படிச்சேன்."

அந்தப் புரதத்தை உண்டாக்கும் ஜீன் ஒவ்வொருவருக்கும் இரண்டு, அப்பா தந்தது ஒன்று, அம்மா தந்தது ஒன்று என்றாள். எனக்கு அதில் ஒன்று பிறக்கும்போதே பழுது.

"கடைக்கு ரெண்டு பூட்டு. ஒண்ணு ஏற்கெனவே உடைஞ்சிருக்கு. அப்படித்தானே?"

"அப்படித்தான். திருடன் வரலண்ணா. வந்தா அவனுக்கு வேலை கம்மி. வருஷா வருஷம் ஸ்கேன் பண்ணிப் பார்த்தா, வந்தாலும் முளையிலயே பிடிச்சுடலாம். இதை உங்ககிட்ட சொல்லலாமான்னு எங்க கமிட்டியில கேட்டுட்டுத்தான் வந்தேன். ஆஸ்பத்திரியில முறையா ஒரு தடவை பார்த்து உறுதி பண்ணணும்."

மூச்சு வாங்கிக்கொண்டு, "வாயாடிக்கும் பார்க்கணும்" என்றாள்.

வாயாடி என் மகள். அவளுக்கு அது வந்திருக்கவும் வராமலிருக்கவும் பாதிக்குப் பாதி வாய்ப்பாம்.

"என்னை என்ன வேணா பண்ணு. அவளை விட்டுடு."

"இதுல பேரம் இல்லண்ணா."

"பேரம் இல்லாத இடமே கிடையாது. பரீட்சை வருது, சிரிச்சுக்கிட்டு இருக்கா. எதுக்கு அவகிட்ட போய்..."

மனைவி கதவருகே வந்து நின்றாள். "மூடி வைக்கிறதுக்கு அது என்ன நகையா?" என்றாள்.

விற்க மனமில்லாத சரக்குக்கு எட்டாத விலை சொல்வது எங்கள் வழக்கம். இல்லை என்று சொன்ன பாவமும் வராது, சரக்கும் போகாது. தங்கைக்கு எட்டாத விலை எது என்று தேடினேன். அது உடனே அகப்பட்டது.

"அம்மா மார்புல கட்டி வந்துதான் செத்தாங்க. அது தெரிஞ்சும் நார்மல் ரத்தம்னு என்கிட்ட ஏன் வந்த? ஊர்ல வேற ஆளே இல்லையா?"

இந்தத் தடவை அவள் தரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தே சொன்னாள்.

"அம்மாவுக்கு வந்தது அம்மாவோட போயிருக்கணும்னு ஆசைண்ணா. உங்களோடது நல்லா வந்தா என்னோடதும் நல்லாத்தான் இருக்கும்னு... முதல் வருஷம் படிக்கிற பொண்ணுகூட அப்படி நினைக்க மாட்டா. உங்களுக்கு இல்லன்னா எனக்கும் இல்லன்னு ஆயிடாது. ஆனா நினைச்சேன்."

"நீ பார்த்துக்கிட்டியா?"

"இல்ல."

"விக்கிறவ தன் சரக்கை முதல்ல தான் கட்டிப் பார்க்கணும். நீ பார்த்துக்கோ. அப்புறம் நான் வாயாடியைக் கூட்டிட்டு வரேன்."

பார்க்க மாட்டாள் என்று நினைத்தேன். இத்தனை வருடம் அந்த ஒரு ஜீனோடு குடித்தனம் நடத்தியவள், தன்னுடையதை மட்டும் பார்க்காமல் இருந்தாள் என்றால் அந்தப் பயம் எத்தனை ஆழம்! அந்தப் பயத்தை நம்பித்தான் வாக்குக் கொடுத்தேன்.

அவள் பார்த்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் என்னுடையது உறுதியான அதே வாரம், கடைக்கு வந்தாள். துணிச் சுருள்களுக்கு நடுவே நின்றுகொண்டு, ஏதோ எடுக்கக் கூடாததை எடுத்துவிட்டவள் போலச் சொன்னாள்: "எனக்கு இல்லண்ணா."

"அம்மா சொத்தைப் பிரிச்சதுல எனக்கே முழுசா வந்துடுச்சு போல. நீ வழக்குக்கு வராதே" என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். என் தோளில் முகம் புதைத்து அழுதாள். கடைப் பையன்கள் பார்க்கிறார்கள் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

சொன்ன விலையைக் கொடுத்துவிட்டாள். இனி சரக்கு இல்லை என்று நான் சொல்ல முடியாது.

வாயாடியை உட்காரவைத்து, தறி, பூட்டு, திருடன் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

"அத்தைக்கு?"

"இல்ல."

"நல்லவேளை" என்றாள். பொய்யாகச் சொல்லவில்லை. அப்புறம், "எனக்கு இருந்தா உங்க மேல கோபப்படணுமாப்பா?" என்று கேட்டாள்.

"பட்டுக்கோ."

"நீங்க பாட்டி மேல பட்டீங்களா?"

"இல்ல" என்றேன். "அவங்க இருந்திருந்தா கட்டிப் பிடிச்சிருப்பேன்."

ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் அம்மாள் அவளோடு தனியாக நெடுநேரம் பேசினார்கள். வேண்டாம் என்றால் இப்போதே எழுந்து போகலாம் என்றார்களாம். அவள் எழவில்லை. ரத்தம் எடுக்கும் அறைக்குப் போனபோது, தங்கை கதவுக்கு வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டாள். மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸ் என்னையும் வெளியே போகச் சொன்னாள்.

"அவர் இருக்கட்டும் சிஸ்டர்" என்றாள் வாயாடி. "வெளிய விட்டா டாக்டர்கிட்ட பேரம் பேச ஆரம்பிச்சுடுவார்."

நர்ஸ் சிரித்துவிட்டாள். நான் மகளின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி ஏறியபோது அவள் விரல்கள் என் விரல்களை நெரித்தன. குழாயில் ரத்தம் மெல்ல ஏறியது. நர்ஸ் அதில் அவள் பெயரை எழுதினாள்.