வீடு மாதிரி ஓர் அறை

அறைக்குள் நுழைந்ததும் அமீனாவின் கண் சோபா மேல்தான் போனது. மூன்று பேர் உட்காரலாம்; தேக்கு மாதிரி சாயம் பூசிய மட்டமான மரம். இரண்டு ஆள் இருந்தால் தூக்கிவிடலாம், ஆனால் இந்த வாசலில் நேராக வராது, ஒருக்களித்துத்தான் எடுக்க வேண்டும். மூலையில் நின்ற துணிக்கூண்டு விளக்கு ஒரு கைக்குக் காணாது. கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொள்ளலாம். திரைச்சீலையில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அவிழ்ப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

ஓய்வு பெற்றது அவருக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியவில்லை. கோர்ட் உத்தரவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊரார் வீடுகளுக்குள் நுழைந்து, மனிதர்களையும் சாமான்களையும் தெருவில் இறக்கிவைக்கும் அமீனா வேலைதான் அவர் பார்த்த உத்தியோகம். பெற்றவர்கள் வைத்த பெயரை அது விழுங்கி ஏப்பம் விட்டிருந்தது. தெருவில் எல்லோருக்கும் அவர் அமீனா. கோபம் வந்தால் மகளுக்கும் அமீனாதான், அவளுக்கு அனேகமாக எப்போதும் கோபம்தான்.

வேலையிலிருந்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி கிடந்தார். குளிக்கச் சொன்னால் முறைத்தார், சாப்பிடச் சொன்னால் தட்டைத் தள்ளினார். மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள்; எருமை மேல் பெய்த மழைதான். "இருந்தா மனுஷனா இருங்க, இல்லாட்டி போய்ச் சேருங்க. இப்படி நடுவுல கெடந்து என் உயிரை வாங்காதீங்க" என்று கத்திவிட்டு, மகள் இந்த ஆஸ்பத்திரியில் அவர் பெயரைக் கொடுத்துவிட்டாள். எதற்கும் அசையாத மனச்சோர்வுக்கு ஒருவகைக் காளானிலிருந்து எடுத்த மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

"விழுங்கினா பல மணி நேரத்துக்கு என்னென்னமோ தெரியும்" என்றார் டாக்டரம்மா. "நீங்க எந்த எடத்துல இருக்கீங்களோ, அந்த எடமும் அதுக்குள்ள வந்துடும். ஆஸ்பத்திரி மாதிரி இருந்தா பயமும் வரும். அதனாலதான் இந்த ரூமை வீடு மாதிரி பண்ணியிருக்கோம். வீட்டுல இருக்கிறதா நெனச்சுக்குங்க."

"யார் வீட்டுல?"

டாக்டரம்மா வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். நர்ஸ் சிரிக்கவில்லை. மருந்தின் வேகம் இறங்கும்வரை உடன் இருக்கப்போகிறவள் அவள்தான். பார்த்தவுடனே பிடிக்காமல் போவதற்கும் ஒரு பொருத்தம் வேண்டும். இருவருக்கும் அது அமோகமாக அமைந்திருந்தது.

"இந்த விளக்கை எந்தக் குப்பையில பொறுக்கினீங்க?" என்றார் அவளிடம்.

"கடைகடையா ஏறி இறங்கி நான் வாங்கினது. பிடிக்கலைன்னா கண்ணை மூடிக்குங்க."

மூடிக்கொண்டார். மருந்தை விழுங்கி, சோபாவில் நீட்டிப் படுத்து, இதெல்லாம் ஊரை ஏமாற்றும் வேலை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ புல்லாங்குழல் ஒலித்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது. பிறகு எரிச்சலுக்கே ஒரு நிறம் வந்தது, துருவின் நிறம். அது விரல் நுனிகளிலிருந்து சோபாவுக்குள் கசிந்து இறங்கியது. அடியில் மரம் மெல்ல மூச்சு விட்டது.

கண்ணைத் திறந்தார். அறை நகராமலே நெருங்கி வந்திருந்தது. கம்பளத்தின் பூக்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கின. திரைச்சீலை மடிப்புக்கு மடிப்பு ஆட்கள் ஒளிந்திருப்பதுபோல் பருத்தது. விளக்கு தலையைக் குனிந்து நின்றது. வேறு எந்தப் பொருளும் அவரை இப்படிப் பார்த்ததில்லை. அல்லது பார்த்தபோது அவர் அதைத் தூக்கிக்கொண்டிருந்தார். நாற்காலியில் ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். அழுகிறவர்களைச் சமாளித்துவிடலாம், திட்டுகிறவர்களையும். வாயே திறக்காமல் நாற்காலியோடு ஒட்டிக்கொள்கிறவர்கள்தான் தொல்லை.

இது யாருடைய வீடு? சட்டைப்பையைத் தடவினார். உத்தரவு இல்லை. உத்தரவில்லாமல் ஒரு வீட்டுக்குள் அவர் இருந்ததே இல்லை. அப்படியானால் உத்தரவு வேறொருவன் பையில் இருக்கிறது. அவன் வந்துகொண்டிருக்கிறான்.

அந்த நேரம் பார்த்துக் கூட்டிப் பெருக்குகிற ஆள் ஒருவர், அறை மாறி வந்து கதவைத் தட்டினார்.

அமீனா சோபாவிலிருந்து உருண்டு எழுந்த வேகத்தை நர்ஸ் எதிர்பார்க்கவில்லை. மாதக்கணக்கில் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தூக்காத மனிதர், சோபாவை ஒற்றை ஆளாகத் தள்ளி உள்பக்கம் திறக்கும் கதவோடு முட்டுக்கொடுத்தார். நாற்காலியைப் பிடித்து இழுத்தார். அவள் எழ மறுத்தாள். விளக்கு சாய்ந்து, கூண்டு நசுங்கியது.

"விடுங்க. அந்த நாற்காலி மேல கை வச்சீங்க, நடக்கிறதே வேற."

"வச்சுக்க! உன் நாற்காலி, நீயே வச்சுக்க. கதவை மட்டும் தொறக்காத."

வெளியே டாக்டரம்மாவின் குரல். "கதவைத் திறங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்."

அமீனா வாசல் வாசலாக நின்று சொன்ன வார்த்தைகள் அவை. அடுத்த வாக்கியம் என்ன என்று அவருக்குத் தெரியும்.

"நீங்களா திறந்தா மரியாதை."

"பாத்தியா? சொல்லிட்டாங்க" என்றார் நர்ஸிடம், பல்லைக் கடித்தபடி. "அடுத்தது பூட்டை உடைக்கிறவன் வருவான்."

பிறகு மகளின் குரல் வந்தது, காய்ந்த மட்டை கிழிவதுபோல. "அப்பா! எங்க போனாலும் மானத்தை வாங்கணுமா? தொறங்க!"

"என் மகளையும் கூட்டிட்டு வந்துட்டாங்க" என்றார் அவர். "பொண்ணை முன்னாடி நிறுத்தினா தொறந்துடுவாங்கன்னு யாரோ சொல்லிக்குடுத்திருக்கான்." வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் யார் என்பது அவருக்கு நினைவு வந்தது. சோபாவின் முதுகில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டார்.

நர்ஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்த மனிதர் மேல் இரக்கம் வரவில்லை. விளக்குக் கூண்டு அந்தக் கோலத்தில் கிடக்கும்போது எப்படி வரும்? ஆனால் எழுந்து போய்ப் பாட்டை நிறுத்தினாள். கதவருகே சென்று, சோபாவுக்கு மேலே வாயை வைத்து, "மேடம், எனக்கு ஒண்ணும் ஆகல. மருந்து எறங்கட்டும். யாரும் தட்டாதீங்க, யாரும் பேசாதீங்க. எல்லாரும் தள்ளிப் போங்க" என்றாள்.

வெளியே ஏதோ வாக்குவாதம். பிறகு காலடிகள் விலகின.

அமீனா காதைக் கதவில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். போனவர்கள் திரும்பி வருவார்கள். அவரே ஒருபோதும் வேலையை முடிக்காமல் திரும்பிப் போனதில்லை. வெயில் திரைச்சீலையில் ஏறி, சரிந்து, மங்கியது. யாரும் வரவில்லை. கம்பளத்தின் பூக்கள் ஒவ்வொன்றாகத் தம் இடத்துக்குத் திரும்பின. அவர் சத்தமில்லாமல் அழுதார். நர்ஸ் தண்ணீரை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாளே தவிர, கையில் கொடுக்கவில்லை.

சாயங்காலம் சோபாவைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார்கள், அவர் ஒரு முனை, அவள் ஒரு முனை. "அடுத்த தடவை இந்தச் சாமானெல்லாம் வேணாம்" என்றார் அமீனா. "வெறும் ரூம் குடுங்க."

"அடுத்த தடவைன்னு ஒண்ணு இருந்தா நான் லீவு" என்றாள் அவள்.

ஆட்டோவில் மகள் தெருப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். "டாக்டர் இனிமே உங்களைச் சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க. சந்தோஷமா?" என்றதோடு பேச்சை முடித்துக்கொண்டாள். வழியில் ஒரு லாரி தெருவை மறித்து நின்றது. கட்டில், பாத்திர மூட்டை, சுருட்டிய மெத்தை எல்லாம் நடைபாதையில் கிடந்தன. ஒரு பெண் சாப்பாட்டு மேஜையின் ஒரு முனையைத் தூக்கி வைத்துக்கொண்டு, மறுமுனைக்கு ஆளைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தாள்.

அமீனா இறங்கினார். மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள், உதறினார். போய் மறுமுனையைத் தூக்கினார்.

"யாருய்யா நீ? கையை எடு!" என்றாள் அந்தப் பெண்.

அவர் எடுக்கவில்லை. லாரியையும் திறந்திருந்த வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஏற்றுகிறார்களா, இறக்குகிறார்களா என்பது அவருக்கே பிடிபடவில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின.

"எந்தப் பக்கம்மா?" என்றார். "உள்ளயா, வெளியயா?"

மேஜை இருவருக்கும் நடுவில் அந்தரத்தில் நின்றது.