திதியன்று உருளைக்கிழங்கு

கதை எழுதி அறியாத எனக்கு வீட்டுச் சங்கதியை அச்சில் ஏற்ற மிகுந்த கூச்சம் உண்டு. பெரியோர் பொறுத்தருள வேண்டும். ஆயினும் சொல்லாவிட்டால் என் மனம் ஆறாது.

என் மனைவி உலகம்மைக்குப் பிறர் சமையலின்மீது தீராத மோகம். அடுத்த வீட்டு நேசபாய் அம்மாள், மிஷன் பள்ளி ஆசிரியரின் மனைவி; கொழும்பிலும் கோட்டயத்திலும் வாழ்ந்தவர். மதிலுக்கு மேலாக அவரிடம் கேட்டுக்கேட்டு இன்று சொதி, நாளை சூப்பு என்று வைப்பாள். தாலுகாக் கச்சேரியில் எழுதிக் களைத்து வரும் நான் முகம் சுளித்தால், "நாக்கும் நாலு ஊரு பாத்துட்டு வரட்டுமே" என்பாள்.

சென்ற ஆவணியில் என் தாயாரின் முதல் வருஷத் திதி வந்தது. தாய்மாமன் தாணுலிங்கம் பிள்ளை சுசீந்திரத்திலிருந்து வந்திருந்தார். அநுஷ்டானத்தில் இம்மி பிசகினாலும் பந்தியிலிருந்து எழுந்து போய்விடுகிறவர். அவர் எழுந்தால் பிறகு சொந்தபந்தத்தில் நான் தலைகாட்ட இயலாது. ஆகவே வெங்காயமோ, உருளைக்கிழங்கு முதலான சீமைக்காய்களோ அன்று அடுக்களைக்குள் வரலாகாதென்று உலகம்மையைப் பலமுறை வேண்டிக்கொண்டேன். தலையாட்டினாள்.

திதிச் சோற்றைக் காகம் தொட்ட பிறகே நாங்கள் உண்ணலாம். வாழைக்காயும் சேனையும் பருப்பும் படைத்த இலையை மதில்மேல் வைத்து அழைத்தேன். காகங்கள் தென்னையில் இருந்தபடியே பார்த்தன, இறங்கவில்லை. வெயில் ஏறியது. தம் அக்காளுக்கு ஏதோ மனக்குறை என்று மாமா முணுமுணுக்கலானார்.

அப்போது உலகம்மை ஒரு கிண்ணத்துடன் வந்தாள். உள்ளே தேங்காய்ப்பாலில் உருளைக்கிழங்கு, போதாததற்கு வெங்காயமும். நேசபாய் கற்றுக்கொடுத்த இஷ்டு.

"அத்தை கிடையில கெடந்தப்போ இதத்தான் கேட்டுக்கேட்டுச் சாப்பிட்டாவ," என்றாள் மாமாவிடம். "மகங்கிட்ட மட்டும் சொல்லீராதட்டி, அவன் சட்டம் பேசுவான்னாவ."

பெற்ற தாய் எனக்கு ஒளித்து உண்டாரென்பதை அவர் திதியன்றுதானா நான் அறிய வேண்டும்?

நான் தடுக்குமுன் இலையில் ஊற்றிவிட்டாள். ஒரு காகம் இறங்கி, உருளைக்கிழங்கைக் கொத்திக்கொண்டு பறந்தது. பின்னே ஒரு கூட்டமே இறங்கிற்று.

மாமா புறப்பட்டுவிடுவாரென நடுங்கினேன். அவரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்தியில் அமர்ந்தார்.

"எங்கக்கா ஏத்துக்கிட்டா. இனி இது இல்லாம திதி வச்சீர்னா நான் வரமாட்டேன், மருமவனே. எனக்கும் ஊத்தச் சொல்லும்."

சாஸ்திரத்தில் இதற்கு இடமில்லையென்று மிக்க பணிவுடன் விண்ணப்பித்தேன்.

"அதக் காக்காகிட்ட சொல்லும்வே."

நானும் அமர்ந்தேன். உலகம்மை என் இலையிலும் தாராளமாக ஊற்றினாள். திதிச் சோற்றில் எதையும் ஒதுக்கக் கூடாதென்று அந்தச் சமயம் பார்த்து மாமா நினைவூட்டினார்.