ஜன்னலுக்கு மறுபக்கம்

வண்டியின் புகைக்குழாயில் அடைத்திருந்த துணியை ஸெலீனா உருவிக்கொண்டிருந்தபோது, கொட்டகை வாசலில் கார்லண்ட் வந்து நின்றான். தோளில் மஞ்சள் கயிறு.

"அண்ணி, மணி பதினொண்ணு. ரெண்டு மணிக்குப் பெட்டிய எடுக்கணும். என் வண்டி வாசல்லயே நிக்குது. பட்டனத் தட்டினா போதும்."

"நிக்கட்டும். அவரு அவரு வண்டியிலதான் போவாரு."

கார்லண்ட் அவள் கணவன் ஹெட்லியின் தம்பி. ஹெட்லி செவ்வாய்க்கிழமை விடியும்போது போய்ச் சேர்ந்தார். முன்னறையில் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். சமையலறையில் பாதி ஊர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தது. கனடாவின் லாப்ரடோர் கடற்கரையில் அவர்கள் ஊருக்குச் சாலை கிடையாது. கல்லறைத் தோட்டம் விரிகுடாவைச் சுற்றிப் போனால் வரும் மேட்டின்மேல் இருந்தது. பனி விழுந்துவிட்டால் ஒருவரின் கடைசிப் பயணம் பனியில் ஓடும் அவருடைய சொந்த ஸ்னோமொபைலின் பின்னால், சறுக்குப் பலகையில்தான். வண்டி இல்லாதவர்களைத்தான் உறவுக்காரர்கள் இழுத்துப் போவார்கள்.

ஹெட்லிக்கு வண்டி இருந்தது. இருபத்திரண்டு வயது வண்டி. மே மாதம் கொட்டகைக்குள் கட்டைமேல் ஏற்றியது, ஏழு மாதமாக ஒரு முறைகூட இயங்கவில்லை. நல்ல பனி விழுந்ததே முந்தாநாள் இரவுதான்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. ஹெட்லி ஆயுளில் ஒரு தடவைகூட அடுத்தவர் வண்டியின் பின்னால் கட்டி இழுபட்டு வந்ததில்லை. ஒருமுறை நடுவிரிகுடாவில் இயந்திரம் நின்றுபோய், கார்லண்ட் கயிற்றோடு போய் நின்றபோது, "வழிய விடுடா" என்று சொல்லிவிட்டு ஒன்பது மைல் நடந்து வந்து, சாமானை எடுத்துக்கொண்டு திரும்ப நடந்து போய், சரிசெய்து ஓட்டிக்கொண்டு வந்த மனிதர். அன்றைக்குப் பிடித்து ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் கார்லண்ட் சொல்லுவான், ஒருநாள் இல்லை ஒருநாள் உன்னைக் கட்டி இழுக்கிறேனா இல்லையா பார் என்று. முப்பது வருஷமாக ஊரே சேர்ந்து சிரித்த பேச்சு.

"இன்னைக்கு மாட்டுனாரு பாருங்க" என்றான் கார்லண்ட் பழக்கதோஷத்தில். சொன்ன பிறகுதான் உறைத்தது. குனிந்து கயிற்றைத் தடவிக்கொண்டான்.

"கனவு காணாத. அந்த முனையப் பிடி, கட்டையிலேர்ந்து கீழ இறக்கலாம்."

இறக்கினார்கள். வண்டியை வெளியே பனிக்குத் தள்ளினார்கள். ஸெலீனாவுக்குச் சந்தேகமே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து முப்பத்து நாலு குளிர்காலம், முதல் பனிக்கு மறுநாள் ஹெட்லி வண்டியைக் கிளப்புவதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தே பழகியவள். பாத்திரம் துலக்கிக்கொண்டே பார்த்ததுதான், ஆனாலும் ஒவ்வொரு படியும் மனப்பாடம். குழாயில் எலி புகாமல் அடைத்த துணியை எடுக்க வேண்டும். கழற்றி வைத்த பெல்ட்டை மாட்ட வேண்டும். பிளக்கை மாற்ற வேண்டும். புதுப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். அவர்தான் ஒருநாளும் தொடவிடமாட்டார். "உன் கைக்கு இது ஆகாது" என்பார். நண்டு ஆலையில் அவளுடைய வலது மோதிர விரல் போனதிலிருந்து அது அவருக்கு நல்ல சாக்கு.

ஆனால் இன்று ஒவ்வொன்றும் அவளை முந்திக்கொண்டது. துணியில் ஒரு முழ நீளத்துக்குச் சிவப்புக் கம்பளி நூல் வால் கட்டித் தொங்கியது, குருடனுக்கும் தெரிகிற மாதிரி. மற்ற வருஷங்களில் ஆழமாகத் திணித்துவிட்டு அவரே தேடுவார். மூடியைத் திறந்தால் பெல்ட் ஏற்கெனவே மாட்டியிருந்தது. பிளக் புதுசு. தொட்டி நிறையப் பெட்ரோல். இயந்திரத்தைக் கிளப்ப இழுக்கும் கயிற்றின் பிளாஸ்டிக் பிடிகூடப் போய், மரப்பிடி வந்திருந்தது. பழையது உடைந்திருக்கும்.

"நீ செஞ்சியா?"

"நானா? இந்தக் கிழட்டு வண்டியத் தொட்டா என் கைய ஒடிச்சிருப்பாரு."

அப்படியானால் எப்போது? செப்டம்பரில் மூன்று நாள் அவள் மலைக்குச் செம்பழம் பறிக்கப் போயிருந்தாள். வந்து பார்த்தால் சமையலறைத் தரை முழுக்க மரச்சீவல், அவர் கட்டைவிரலில் கட்டு. மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிற ஆளுக்குக் கத்தி என்ன வேண்டிக்கிடக்கிறது என்று சத்தம் போட்டாள். அடுப்புக்குச் சிராய் சீவினேன் என்றார். அவளும் நம்பிக் கூட்டிப் பெருக்கினாள்.

தடித்த கையுறையோடு மரப்பிடியைப் பிடித்தாள். பெட்ரோல் ஊட்டும் குமிழை மூன்று முறை அமுக்கி, சோக்கைத் தூக்கி, இழுத்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் வண்டி இருமிக்கொண்டு எழுந்தது. வெள்ளைப்புகை கொட்டகையை மறைத்தது. சமையலறை ஜன்னலில் முகங்கள் கூடின.

"என்னமோ சொன்னியே?" என்று அவள் கார்லண்டைப் பார்த்துத் திரும்புவதற்குள் வண்டி நின்றுவிட்டது.

மறுபடி மூன்று அமுக்கு, மறுபடி இழுப்பு. பத்து மூச்சு நேரம் ஓடியது, நின்றது. நாலு தடவை இப்படியே. தோள் கடுத்தது. உள்ளே பிரார்த்தனைப் பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள். கார்லண்ட் கயிற்றைத் தோளிலிருந்து இறக்கினான். அவன் கேலி பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"அண்ணி, நீங்க முடிஞ்ச மட்டும் பாத்துட்டீங்க. அண்ணன் ஒண்ணும் நினைக்கமாட்டாரு."

"நினைப்பாரு. உனக்குத் தெரியாதா உங்க அண்ணனப் பத்தி? பெட்டிக்குள்ள இருந்தே எழுந்து நடப்பாரு."

அவள் நேராகச் சமையலறைக்குப் போனாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, எப்போதும் நிற்கிற இடத்தில், பாத்திரம் துலக்கும் தொட்டிக்கு முன்னால் நின்று வெளியே பார்த்தாள். துணி, பெல்ட், பிளக், பெட்ரோல். அதற்கப்புறம் அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போவார். அங்கே குனிவார். இங்கிருந்து முதுகு மட்டும் தெரியும். முப்பத்து நாலு வருஷமும் எச்சில் துப்பக் குனிகிறார் என்றே நினைத்திருந்தாள்.

"எச்சிலும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் சத்தமாக. தேநீர்க் கோப்பையோடு நின்ற பாதிரியார் திடுக்கிட்டார்.

ஓடிவந்து, அந்தப் பக்கம் மண்டியிட்டு, கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு மூடிக்கு அடியில் துழாவினாள். விரல் நுனியில் தட்டுப்பட்டது, சின்னத் திருகு. பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் குழாய்த் திருகு. மூடியிருந்தது. மூடித்தான் வைத்திருப்பார், மாதக்கணக்கில் திறந்து கிடந்தால் இயந்திரமே பெட்ரோலில் மூழ்கிப்போகும். திருகித் திறந்தாள்.

"அடச்சே! என் புது வண்டியில இது கெடையாது. மறந்தே போச்சு" என்று கார்லண்ட் தலையில் அடித்துக்கொண்டான். "நகருங்க, உங்க தோள் போயிடும். நான் இழுக்கறேன்."

கையுறையைக் கழற்றிவிட்டு இழுத்தான். பிடி நழுவியது. மறுபடி இழுத்தான், மறுபடி நழுவியது.

"யாரு செதுக்குனது இத? கோணலா இருக்கு. விரலே உக்கார மாட்டேங்குது."

"குடு."

வெறுங்கையால் வாங்கினாள். ஆள்காட்டி விரலுக்கு ஒரு பள்ளம். நடுவிரலுக்கு ஒன்று. அப்புறம் வழவழப்பாகத் தேய்த்த ஒரு மேடு. மேட்டைத் தாண்டிச் சுண்டுவிரலுக்குச் சின்னதாக ஒரு பள்ளம். அவள் கை அதில் போய் உட்கார்ந்தது. விரல்களை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல."

இழுத்தாள். முதல் இழுப்பிலேயே பிடித்தது. இந்த முறை நிற்கவில்லை.

இரண்டு மணிக்குப் பெட்டியைத் தூக்கிப் பலகையில் வைத்தார்கள். கார்லண்ட் தன் மஞ்சள் கயிற்றை எடுத்துவந்து, பெட்டியைப் பலகையோடு சேர்த்து நாலு சுற்றுச் சுற்றிக் கட்டினான், முடிச்சைப் போட்டுவிட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். ஸெலீனா ஓட்டினாள். பின்னால் பதினேழு வண்டிகள் வந்தன. மேட்டில் ஏறும்போது கிழட்டு இயந்திரம் முனகியது, ஆனால் இழுத்தது.

கல்லறையில் யாரும் வண்டியை அணைக்கவில்லை. அந்தக் குளிரில் அணைத்தால் திரும்பக் கிளம்புமோ என்னவோ. பாதிரியார் புத்தகத்தைத் திறந்தார். ஸெலீனா எட்டிச் சாவியைத் திருப்பினாள். ஹெட்லியின் வண்டி நின்றது. ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் அணைக்க, மேடு அமைதியானது.

"நீங்க ஏன் அணைச்சீங்க? திரும்பக் கிளம்பலேன்னா?" என்று கார்லண்ட் காதோரம் கேட்டான்.

"கிளம்பும். நான் இழுத்துக்கறேன்."

வலது கையுறையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவள் ஜெபம் முடிவதற்காகக் காத்திருந்தாள்.