சாவி எடுத்த பிறகும் எரிந்த விளக்கு

சாவி தேவமணியின் கையில் இருந்தது. ஆனாலும் டெஸ்ட் விளக்கு எரிந்தது.

தன் பட்டறை பேட்டரியை வேனில் மாட்டியிருந்த மெக்கானிக் ஜெபசுந்தர், விளக்கின் முனையை ஹீட்டர் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் எரிந்தது. மார்கழி மாதம், காலை ஏழரை. புளியங்குடி ரோட்டில் பனி இன்னும் விலகவில்லை.

“ஹீட்டர் பிளக்குக்கு இப்போ கரண்டே வரக்கூடாது வே,” என்றார்.

“தெனமும் காலைல பேட்டரி செத்துக் கெடக்கு. கொன்னது ஆருன்னு கண்டுபிடியும்னா, என்னையப் பாக்கீரு?” என்றார் தேவமணி. அவர் ஓட்டுவது பள்ளிக்கூட வேன்.

டீசல் என்ஜின் குளிரில் கிளம்ப, ஹீட்டர் பிளக்குகள் சில நொடிகள் சிவக்கக் காய வேண்டும். பிறகு கரண்ட் நின்றுவிட வேண்டும். ஜெபசுந்தர் முதலில் நான்கு பிளக்குகளையும் தனித்தனியாகச் சோதித்திருந்தார். மூன்று கருகிப்போயிருந்தன. ஒன்று போனால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடலாம். மூன்று ஒன்றாகப் போகாது.

வயரைத் தடவிக்கொண்டே போனார். டிரைவர் சீட்டுக்குக் கீழே, டீசல் குழாயின் மேல் கிடந்த இடத்தில், வயரின் உறை உருகிக் குழாயோடு ஒட்டியிருந்தது. வழியில் ஃபியூஸ் இல்லை. பட்டனை விட்டதும் கரண்டை நிறுத்த வேண்டிய ரிலேயைக் கழற்றிப் பிரித்தார். உள்முனைகள் இரண்டும் பற்றவைத்ததுபோல் ஒட்டிக் கிடந்தன. வயர் நுனியில் பச்சை டேப். ஜெபசுந்தரே கையால் சுற்றியது.

ஐப்பசி மழையில், கரண்டைத் தானாக நிறுத்தும் டைமர் கெட்டது. புதியது வர ஒரு வாரம் ஆகும், பள்ளிக்கூடம் காத்திருக்காது. டேஷ்போர்டில் ஒரு பட்டனை வைத்து நேராக இணைப்புக் கொடுத்தார். ஒரு பரமண்டல ஜெபம் சொல்லும் நேரம் அமுக்கினால் போதும் என்று சொன்னவரும் அவர்தான்.

“வேகமாச் சொன்னீரா, மெதுவாவா?” என்று கேட்டார் ஜெபசுந்தர்.

“பிள்ளைகளை ஏத்துத வண்டி வே. ஓட்டமா ஜெபம் பண்ண முடியுமா? பனி வந்த பொறவு ரெண்டு தடவ சொல்லுதேன்.”

ஜெபசுந்தர் சிரிக்கவில்லை. அதே நாளில் இன்னொரு பள்ளி வேன் ஓட்டும் அருண்பாண்டியனின் வண்டிக்கும் அப்படியே செய்திருந்தார். ஜெபம் தெரியாத அருண்பாண்டியன், தன் வேனில் வரும் பிள்ளைகளின் பேரை வரிசையாகச் சொல்லிப் பட்டனை அமுக்கினான். அப்போது பதினொரு பேர். இப்போது பத்தொன்பது. முந்தாநாள் போனில், பேட்டரி நிற்கவில்லை என்றான். பேட்டரி பழசு, மாற்று என்று இவர் சொல்லி வைத்துவிட்டார்.

ஜெபசுந்தர் அவனுக்குப் போன் போட்டார். மூன்றாவது அழைப்பில்தான் எடுத்தான்.

“ஏலே, வண்டிய ஓரங்கட்டு. பிள்ளைகள எறக்கு.”

“குருவிகுளம் தாண்டிட்டேன் அண்ணாச்சி. இன்னும் கொஞ்ச நேரத்துல பள்ளிக்கூடம்.”

“வாடை ஏதும் வருதா?”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “ரப்பர் வாடை. முன்னால போற லாரின்னுல்லா நெனச்சேன்.”

“நிறுத்துலே! பேரைச் சொல்லி எறக்கு. ஒண்ணையும் விட்றாத.”

பிரேக் சத்தம் கேட்டது. கதவு இழுபட்டது. பிறகு பேர்கள் வந்தன. ஷமீரா. ஜெனிபா. ஆஷிக் அலி. ஹஸ்னா பானு. தேவமணி விரல் மடக்கினார். பதினெட்டோடு நின்றது.

“எஸ்லின்! ஏட்டி, பையப் போட்டுட்டு வா! வாட்டி!”

ஓடும் காலடிகள். துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். பிள்ளைகளின் அலறல்.

“எல்லாரும் வெளிய நிக்காவ அண்ணாச்சி,” என்றான் அருண்பாண்டியன். “எஞ் சீட்டு எரியுது.”

ஜெபசுந்தர் போனை வைத்தார். சுவரில் ஓர் ஆணியில், மழை வாரத்தில் வாங்கிய பட்டன் அட்டை தொங்கியது. பத்துப் பட்டன் அட்டை. மூன்று மீதி இருந்தன.

தேவமணியும் அதைப் பார்த்தார். “மத்த அஞ்சும் ஆருக்கு வே மாட்டுனீரு?”

ஜெபசுந்தர் போனைத் திரும்ப எடுத்தார். நான்கு பேர்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.