ஆறு முனைக் கோலம்

"செத்த நேரம் உட்காருங்க மதினி. வெளிச்சம் மூஞ்சில படணும்" என்று சொல்லி வாஜித் செல்போனை ஸ்டாண்டில் பொருத்தினான்.

ரஃபியா அமர்ந்தாள். அவன் அவள் கணவனின் தம்பி. யூடியூபில் சேனல் நடத்துகிறான். கொரோனாவில் இறந்துபோன கணவன் அக்பர் அலியின் படத்தை, போன வாரம் அதில்தான் பார்த்தாள். பழக்கடை வாசலில் நின்று சிரிக்கும் படம். அடியில் சிவப்பெழுத்து: யூதச் சதிக்குப் பலியான என் அண்ணன். பேகம்பூரில் பாதிப்பேர் அதைப் பார்த்துவிட்டு அவளிடம் புதிதாகத் துக்கம் கேட்டார்கள். படத்தை நீக்கச் சொன்னதற்கு, "நீங்களே பேசுனா இன்னும் நல்லாப் போகும் மதினி" என்று வந்து நிற்கிறான்.

"லைவ் போகுது. கொரோனாவ யூதன் எப்படிப் பரப்புனான், அண்ணன் எப்படி மவுத்தானாரு. அம்புட்டுத்தான்."

ரஃபியா போனை நேராகப் பார்த்தாள்.

"கொரோனா ஊசி போட பால்வாடி வரைக்கும் போனாரு. வாசல்ல கோலம், ஆறு முனை. அது யூத முத்திரை, ஊசியில விஷம்னு இந்த வாஜித் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். கோலத்தப் பாத்துத் திரும்பி வந்துட்டாரு. அடுத்த மாசமே மூச்சு முட்டிப் போய்ச் சேந்துட்டாரு."

"மதினி!"

அவன் கை நீட்டுவதற்குள் போனை உருவிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். எதிர்வீடு ஜக்கம்மாளுடையது. அதே பால்வாடியின் ஆயா அவள்; அங்கே கோலம் போடுவதும் அவள்தான். இன்று கிருத்திகை. வாசலில் ஒரு முக்கோணத்தின் மேல் இன்னொன்று கவிழ்ந்து கிடந்தது. நடுவில் 'ஓம்', முனைகளில் 'சரவணபவ'. எத்தனையோ கிருத்திகைக்கு அக்பர் அலி அதை மிதிக்காமல் தாண்டிப்போய்ப் பஞ்சாமிர்தம் வாங்கித் தின்றிருக்கிறார்.

"இதுதான்யா உங்க யூத முத்திரை! பழனி முருகன் கோலம்!"

ஜக்கம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏத்தா, படம் புடிக்கிறதுன்னா முன்னாடியே சொல்லக் கூடாதா? நல்ல சீலையாக் கட்டியிருப்பேன்ல!"

திரையில் எழுத்துகள் ஓடின. இந்தம்மாவுக்கு எம்புட்டுக் குடுத்தாங்க? இவளே யூதச்சிதான். மூஞ்சியப் பாரு.

எட்டிப் படித்த வாஜித்தின் முகம் சிவந்தது. "எவன்டா அவன், எங்க மதினியச் சொல்றது?"

"ஏன், கோவம் வருதா?" ரஃபியாவின் குரல் தெருமுனை வரை கேட்டது. "பாய்மாரு பழத்துல எச்சி துப்பிக் கொரோனா பரப்புறாங்கன்னு ஒரு வீடியோ வந்துச்சே, ஞாபகம் இருக்கா? கடையில ஈ காக்கா இல்ல. சிறுமலைப் பழம் தார் தாரா அழுகுச்சு. அன்னிக்கு நீயுந்தான அழுத? அதே பொய்ய ஆள மட்டும் மாத்தி நீ விக்கிற. ஒரு யூதன நீ கண்ணால பாத்திருக்கியா? அவங்க வீட்லயும் ஒருத்தன் மதினின்னு கூப்புடுவான்ல?"

வாஜித் போனுக்குக் கை நீட்டினான்.

"அவரு படத்த அழி. என் கண்ணு முன்னால அழி."

அவன் போனை வாங்கி லைவை நிறுத்தினான். அண்ணன் படம் போட்ட வீடியோவைத் தேடி எடுத்தான். அக்பர் அலி சிரித்துக்கொண்டிருந்தார். வாஜித்தின் கட்டைவிரல் தயங்கித் தயங்கி அழுத்தியது. படம் போயிற்று.

திரும்பி நடந்தவனை ஜக்கம்மாள் அதட்டினாள்: "ஏய் அப்பு, கோலத்த மிதிக்காதலே. உங்கண்ணன் ஒரு நாள் மிதிச்சதில்ல."